ஒருபக்கம் சாய்ந்த ஒரு பரிமாற்றத்தின் கணக்கை இருபது ஆண்டுகளுக்குப் பின் எழுதுவது எப்படி

பேஸ்பால் பருவத்தின் நடுவில் இரண்டு அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வதும், சில ஆண்டுகள் கழித்து அவற்றுள் ஒன்று ஏமாந்துபோனதாக ஊரே பேசுவதும் அமெரிக்காவில் வழக்கம். யார் ஏமாந்தார் என்று சொல்ல ஒரு வரி போதும். எதனால் ஏமாந்தார், எவ்வளவு ஏமாந்தார், வென்றவர் தன் வெற்றியை என்ன செய்தார் என்பதையெல்லாம் சொல்ல ஒரு நோட்டுப் புத்தகமாவது வேண்டும். அந்த நோட்டை எப்படிப் போடுவது என்பதை, 2002 ஜூன் 27 அன்று கிளீவ்லாந்து இந்தியன்ஸும் மான்ட்ரியல் எக்ஸ்போஸும் செய்துகொண்ட பரிமாற்றத்தை எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

ஐபிஎல் பார்த்துப் பழகியவர்கள் முதலில் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பேஸ்பாலில் ஒவ்வோர் அணிக்கும் பருவம் ஒன்றுக்கு 162 ஆட்டங்கள். ஏப்ரல் வாக்கில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை நீளும் அந்தப் பருவத்தின் பாதியில், ஜூலை மாத முடிவை ஒட்டிய கெடுவுக்குள், பட்டியலில் பின்தங்கிய அணி தன் பெரிய ஆட்டக்காரரைப் போட்டியில் இருக்கும் அணிக்குக் கொடுத்துவிட்டு, அந்த அணி தன் மைனர் லீக் (கீழ்நிலை) கிளைகளில் வளர்த்துவரும் இளைஞர்களைப் பெற்றுக்கொள்ளும். கொடுப்பது இன்றைய ஆட்டம், வாங்குவது நாளைய ஆட்டம். ஆகவே அன்றைக்கே தீர்ப்பு எழுதுவது எந்தப் பரிமாற்றத்திலும் இயலாது.

முதல் பக்கம்: அன்றைய தேதியில் தெரிந்தது மட்டும்

முதல் பக்கத்தில் பரிமாற்ற நாளில் தெரிந்தவற்றை மட்டுமே எழுத வேண்டும். பின்னால் வந்த புகழ் அங்கே எட்டிப்பார்க்கவே கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக வயது, எந்த நிலையில் ஆடுகிறார், ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை காலம் மீதி என்ற மூன்றையும் குறித்தால் போதும். பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் உரிய பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அவர் எந்தத் தேதியில் எங்கிருந்து எங்கே போனார் என்ற பட்டியல் இருக்கிறது. பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நம் பக்கம் இப்படி இருக்கும். கிளீவ்லாந்து கொடுத்தது: பார்டோலோ கொலோன், 29 வயது பிட்சர் (பந்தெறிபவர்), அந்தப் பருவத்தில் அதுவரை 10 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.55, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக இரண்டரை ரன் மட்டுமே விட்டுக்கொடுத்தவர். 2003 முடிந்ததும் விருப்பப்பட்ட அணிக்குப் போய்விடக்கூடியவர். அவருடன் டிம் ட்ரூ என்ற இளம் பிட்சர். மான்ட்ரியல் கொடுத்தது: லீ ஸ்டீவன்ஸ், 34 வயது முதல் பேஸ் ஆட்டக்காரர், சம்பளக் கணக்கைச் சமன்செய்வதற்காகச் சேர்க்கப்பட்டவர். பிராண்டன் பிலிப்ஸ், மறுநாள்தான் 21 வயது நிறையப்போகிற ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவர்), மைனர் லீகின் உச்சப் படியான டிரிபிள்-ஏ நிலை. கிளிஃப் லீ, 23 வயது இடக்கை பிட்சர், அதற்கு அடுத்த கீழ்ப்படியான டபுள்-ஏ நிலையில் ஹாரிஸ்பர்கில் ஆடிக்கொண்டிருந்தவர். கிராடி சைஸ்மோர், 19 வயது வெளிக்கள ஆட்டக்காரர், இன்னும் சிங்கிள்-ஏ நிலையைத் தாண்டாதவர்.

இந்தப் பக்கத்தை மட்டும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். அன்று எக்ஸ்போஸ் ரசிகர்களை அதிகம் வருத்தியது பிலிப்ஸின் பெயர். மூவருள் பெரியவனாக வருவான் என்று எதிர்பார்க்கப்பட்டவர் அவர்தான். பின்னால் கிளீவ்லாந்துக்கு மிகக் குறைவாகப் பயன்பட்டவரும் அவரே. முதல் பக்கத்தைத் தனியாக எழுதச் சொல்வது இதற்காகத்தான். எழுதாமல் விட்டால், "லீயையும் சைஸ்மோரையும் கொடுத்த முட்டாள்கள்" என்று மனம் தானாகத் திருத்தி எழுதிக்கொள்ளும்.

இரண்டாம் பக்கம்: யாருக்கு என்ன நெருக்கடி

எண்கள் இல்லாத பக்கம் இது. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். இந்தப் பரிமாற்றத்தைப் பொறுத்தவரை கணக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

2001 நவம்பரில் பேஸ்பால் அணி உரிமையாளர்கள் கூடி, முப்பது அணிகளில் இரண்டைக் கலைத்துவிடலாம் என்று 28க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தார்கள். கலைக்கப்படப்போகிற அணிகள் என்று பேசப்பட்டவை மின்னசோட்டா ட்வின்ஸும் மான்ட்ரியல் எக்ஸ்போஸும். 2002 பிப்ரவரியில் எக்ஸ்போஸின் உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா அணியை மேஜர் லீக் நிர்வாகத்திடமே விற்றுவிட்டு ஃபுளோரிடா மார்லின்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆக, மற்ற 29 அணிகளின் கூட்டுச் சொத்தாக எக்ஸ்போஸ் களத்தில் இறங்கியது. போட்டியாளர்களே முதலாளிகளாக இருந்த அந்த விநோதம் எந்த விளையாட்டிலும் அரிது. அந்த நிலையில் பொது மேலாளராக, அதாவது ஆட்டக்காரர்களை வாங்கி விற்று அணியை அமைப்பவராக, பொறுப்பேற்றவர் ஓமர் மினாயா. அவர் கையில் இருந்தது அளந்து கொடுத்த சம்பளப் பணம், அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாத ஓர் அணி, விளாதிமிர் குரேரோ போன்ற ஒரு மாபெரும் மட்டையாளர், அப்போதுவரை போட்டியிலிருந்து விலகாத ஒரு புள்ளிப்பட்டியல்.

இனி மினாயாவின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 2006இல் பெரியவனாகப்போகும் ஒரு பையனை, 2003இலேயே இல்லாமல் போகக்கூடிய அணி எதற்காகக் காத்து வைத்திருக்க வேண்டும்? எதிர்காலம் இல்லை என்று சொல்லப்பட்டவர் எதிர்காலத்தை விற்றார். வட்டியில்லாமல் விற்றார் என்பது வேறு விஷயம். கலைக்கும் திட்டமோ நிறைவேறவில்லை. மின்னசோட்டாவில் மைதானக் குத்தகையை முன்வைத்து நடந்த வழக்கு அதைத் தடுத்தது. பின்பு 2002 ஆகஸ்ட் இறுதியில் ஆட்டக்காரர் சங்கத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தம் 2006 வரையில் எந்த அணியையும் கலைப்பதில்லை என்று உறுதி தந்தது. பரிமாற்றம் நடந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, அதற்கான முதல் காரணம் மறைந்துபோயிற்று.

கிளீவ்லாந்தின் நெருக்கடி எளியது. 2001இல் தன் பிரிவில் முதலிடம் பெற்ற அணி 2002இல் சரிந்தது. புதிய பொது மேலாளர் மார்க் ஷாபிரோ பழையதை ஒட்டுப்போடுவதை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டத் தீர்மானித்தார். அவருக்குக் காலம் இருந்தது. ஒரு பக்கம் காலம் இருப்பவர், மறுபக்கம் காலம் இல்லாதவர் என்ற நிலையில் நடக்கும் பேரம் சாயாமல் இருந்தால்தான் வியப்பு.

மூன்றாம் பக்கம்: தோற்ற அணிக்குக் கிடைத்தது

தோற்றவர் பக்கத்தை நேர்மையாக எழுதுங்கள். கொலோன் மான்ட்ரியலுக்காக 17 ஆட்டங்களில் எறிந்து அங்கேயும் 10 வெற்றி, 4 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 3.31 என்று முடித்தார். அமெரிக்கன், நேஷனல் என்ற இரண்டு லீக்குகளையும் சேர்த்து அந்த ஆண்டு அவருக்கு 20 வெற்றிகள். அவர் தன் வேலையைச் செய்தார். அணி 83 வெற்றி, 79 தோல்வியுடன் தன் பிரிவில் இரண்டாம் இடம் பெற்றது. முதலிடம் பெற்ற அட்லான்டாவுக்கு 19 ஆட்டங்கள் பின்னால். பிரிவில் முதலிடம் பெறாத அணிகளில் சிறந்ததற்குக் கிடைக்கும் வைல்டு கார்டு வழியாக இறுதிச் சுற்றுகளில் நுழைந்த சான் பிரான்சிஸ்கோவுக்கும் பன்னிரண்டரை ஆட்டங்கள் பின்னால். இந்த இடைவெளியை ஒரு பிட்சரால் நிரப்ப முடியாது. ஐந்து நாளைக்கு ஒருமுறை எறியும் ஒருவர் மூன்று மாதத்தில் ஏற்படுத்தக்கூடிய மாற்றம் நான்கைந்து வெற்றிகளைத் தாண்டாது.

இந்தப் பக்கத்துக்கு அளவுகோலாக 1987 ஆகஸ்டை வைத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் டைகர்ஸ் அப்போது ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற இருபது வயதுப் பையனை அட்லான்டாவுக்குக் கொடுத்துவிட்டு டாய்ல் அலெக்சாண்டரை வாங்கியது. அலெக்சாண்டர் தோல்வியே இல்லாமல் 9 ஆட்டங்களை வென்றார், டெட்ராய்ட் பிரிவில் முதலிடம் பெற்றது. ஸ்மோல்ட்ஸோ பின்னால் ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்று, புகழ்மண்டபத்துக்கே போனார். சாய்ந்த பரிமாற்றம்தான், ஆனாலும் டெட்ராய்ட் எதற்காகச் செய்ததோ அது கிடைத்தது. மான்ட்ரியலுக்கு அதுவும் கிடைக்கவில்லை. இரண்டையும் ஒரே வரிசையில் வைத்து "மோசமான பரிமாற்றங்கள்" என்று பட்டியல் போடுபவர்களுடன் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாம் பக்கம் இங்கே முடிந்துவிடவில்லை. வாங்கிய ஆட்டக்காரரை அந்த அணி அடுத்து என்ன செய்தது என்பதும் இதில் சேர வேண்டும். 2003 ஜனவரியில், சம்பளத்தைக் குறைத்தாக வேண்டிய கட்டாயத்தில், மான்ட்ரியல் கொலோனை சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு அனுப்பியது. நியூயார்க் யாங்கீஸும் பங்குகொண்ட அந்த மும்முனைப் பரிமாற்றத்தில் மான்ட்ரியலுக்கு வந்தவர்கள் ஓர்லாண்டோ ஹெர்னாண்டஸ், ராக்கி பிடில், ஜெஃப் லீஃபர். ஹெர்னாண்டஸ் தோள் காயத்தால் 2003 முழுவதும் ஒரு பந்துகூட எறியவில்லை. பிடில் ஓராண்டு ஆட்டங்களை முடித்துவைக்கும் பிட்சராக 34 சேவ் (காப்பாற்றிக் கொடுத்த வெற்றி) எடுத்தார், அவ்வளவுதான். ஜூன் மாதத்தில் மூன்று நல்ல இளைஞர்களைக் கொடுத்து வாங்கிய சொத்து, ஆறரை மாதத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் கரைந்தது. என் கணிப்பில் இந்தப் பரிமாற்றத்தின் சாய்வில் பாதி ஜூன் மாதத்துக்கு உரியது, மீதிப் பாதி ஜனவரிக்கு உரியது. கொலோனை நல்ல இளைஞர்களுக்கு மாற்றியிருந்தால் இன்று இந்தக் கதையை யாரும் இவ்வளவு உரக்கச் சொல்லமாட்டார்கள்.

நான்காம் பக்கம்: வென்ற அணியின் பேரேடு

இங்கே ஒரே ஒரு விதிதான்: அந்த அணியின் சட்டையில் ஆடிய ஆண்டுகள் மட்டுமே வரவாகும். இந்த விதியை மறந்துவிட்டு, கிளிஃப் லீயின் முழு வாழ்க்கையையும் கிளீவ்லாந்தின் கணக்கில் ஏற்றுபவர்கள் பலர். நானும் முதலில் அப்படித்தான் எழுதி, பிறகு மூன்று பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். பலர் வார் என்ற அளவீட்டைப் பயன்படுத்துவார்கள். மைனர் லீகிலிருந்து எளிதில் கூட்டிவரக்கூடிய ஒருவரைக் காட்டிலும் இந்த ஆட்டக்காரர் எத்தனை வெற்றிகளை அதிகம் தந்தார் என்று மதிப்பிடுவது அது. பயன்படுத்துங்கள். ஆனால் அதை ஆண்டுவாரியாகப் பிரித்து, அந்தந்த ஆண்டு அணி எங்கே நின்றது என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

சைஸ்மோரின் வரவு திகைக்கவைப்பது. 2006இல் 134 ரன்களும் 53 இரட்டை அடிகளும் எடுத்து இரண்டிலும் அமெரிக்கன் லீகில் முதலிடம். 2008இல் 33 ஹோம்ரன், 38 திருட்டு பேஸ் (பந்து அடிக்கப்படாமலே ஓடிப் பிடித்த பேஸ்). மூன்று முறை ஆல்-ஸ்டார் (நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு), சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்டு கிளவ் விருது இரண்டு. 2006 மார்ச்சில் ஆறு ஆண்டுகளுக்கு 2.345 கோடி டாலர் என்று கையெழுத்திட்டிருந்ததால் இவ்வளவும் மலிவாகக் கிடைத்தது. பிறகு உடம்பு கைவிட்டது. 2010இல் முழங்காலில் அறுவை சிகிச்சை. 2011உடன் கிளீவ்லாந்துக்காக அவர் ஆடியது முடிந்தது. 2012க்கும் ஒப்பந்தம் போட்டார்கள், ஆனால் ஓர் ஆட்டத்திலும் அவரால் இறங்க முடியவில்லை.

லீயின் பக்கத்தில் ஆண்டுவாரிக் கணக்கின் பயன் தெரியும். 2005இல் 18 வெற்றி, 5 தோல்வி. 2008இல் 22 வெற்றி, 3 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 2.54, சை யங் விருது. ஆனால் கிளீவ்லாந்து 96 வெற்றிகளுடன் பிரிவை வென்று, பாஸ்டனுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை பெற்று, இறுதிப் போட்டியான உலகத் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி தேவைப்பட்டபோது தவறவிட்ட ஆண்டு 2007. அந்த ஆண்டில் லீ 5 வெற்றி, 8 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.29, இடையில் மைனர் லீகுக்கு அனுப்பப்பட்டு, பிளேஆஃப் பட்டியலிலேயே இடம்பெறாமல் இருந்தார். பரிமாற்றத்தின் மிகப் பெரிய பரிசு, அது மிகவும் தேவைப்பட்ட அக்டோபரில் கையில் இல்லை. மொத்தக் கூட்டுத்தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒருபோதும் தெரியாது.

பிலிப்ஸ் பற்றித் தனித்தாள் வைக்க வேண்டும். 2003இல் கிளீவ்லாந்து அவரை 112 ஆட்டங்களில் இறக்கியது, மட்டைச் சராசரி .208, மிகக் குறைவு. களத்தில் அணியை நடத்தும் மேலாளர் எரிக் வெட்ஜுடன் ஒத்துப்போகவில்லை. 2006 வசந்தத்தில், அவரை மைனர் லீகுக்கு அனுப்ப விதி இடம்தராத நிலை வந்ததும், பின்னால் பெயர் சொல்லப்படும் ஓர் ஆட்டக்காரருக்காக அவரைத் தள்ளிவிட்டது. அதே ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டியில், பிலிப்ஸ் பதினோரு பருவம் ஆடி நான்கு கோல்டு கிளவ் வாங்கினார். 2007இல் 30 ஹோம்ரன், 32 திருட்டு பேஸ். இந்த வரவை மான்ட்ரியலின் நட்டத்தில் சேர்க்கலாம், கிளீவ்லாந்தின் லாபத்தில் சேர்க்கக்கூடாது. சாய்ந்த பரிமாற்றத்தில் வென்ற அணியே, அதில் கிடைத்த ஒருவரை வைத்து இன்னொரு சாய்ந்த பரிமாற்றத்தில் தோற்றது.

மரம் வரைதல்

கடைசி வேலை, கிளைகளைப் பின்தொடர்வது. விதி இதுதான்: ஆட்டக்காரர் அணியைவிட்டுப் போனதும் அவரை விட்டுவிட்டு, அவருக்கு ஈடாக வந்தவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஈடாக யாரும் வராமல் போனால் அந்தக் கிளை அங்கேயே பட்டுப்போனது. சைஸ்மோரின் கிளை அப்படிப்பட்டது.

பிலிப்ஸுக்கு ஈடாக வந்தவர் ஜெஃப் ஸ்டீவன்ஸ் என்ற பிட்சர், ரசிகர்களுக்கே மறந்துபோன பெயர். 2008 டிசம்பர் 31 அன்று அவரையும் கிறிஸ் ஆர்ச்சரையும் ஜான் காபையும் சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து மார்க் டெரோசாவை வாங்கினார்கள். டெரோசாவை 2009 ஜூன் 27 அன்று செயின்ட் லூயிஸுக்கு மாற்றியபோது கிறிஸ் பெரெஸ் வந்தார். முதல் பரிமாற்றம் நடந்து நாள் மாறாமல் ஏழு ஆண்டு. பெரெஸ் 2011இலும் 2012இலும் ஆல்-ஸ்டார் ஆனார். 2013க்குப் பின் விடுவிக்கப்பட்டார், கிளை முடிந்தது.

லீயின் கிளைதான் ஆலமரம். 2009 ஜூலை 29 அன்று அவரையும் பென் ஃபிரான்சிஸ்கோவையும் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்து, கார்லோஸ் கராஸ்கோ, ஜேசன் டொனால்டு, லூ மார்சன், ஜேசன் நேப் ஆகிய நால்வரைப் பெற்றார்கள். லீயை அங்கே வரவேற்ற மேலாளர் சார்லி மானுவல். 2002இல் கொலோன் கிளீவ்லாந்தைவிட்டுப் போனபோது அங்கே மேலாளராக இருந்தவரும் அவரே. நேப் மேஜர் லீகை எட்டவே இல்லை. டொனால்டை வேறொரு காரணத்துக்காக அமெரிக்கா முழுக்க நினைவில் வைத்திருக்கிறது: 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்டின் அர்மாண்டோ கலராகா ஒருவரையும் பேஸில் ஏறவிடாமல் ஆட்டத்தை முடிக்க ஒரே ஒரு அவுட் மிச்சமிருந்தபோது, நடுவர் தவறாக "சேஃப்" (அவுட் இல்லை) என்று அறிவித்த அந்த மட்டையாளர் இவர்தான். கராஸ்கோவுக்கு முழங்கை அறுவை சிகிச்சை, நீண்ட காத்திருப்பு, பிறகு 2017இல் 18 வெற்றி. கிளீவ்லாந்து உலகத் தொடர்வரை போன 2016இலோ, செப்டம்பரில் அடித்த பந்து ஒன்று கையில் பட்டு எலும்பு முறிந்து அவரும் அக்டோபரில் ஆடவில்லை. 2019இல் இரத்தப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் மீண்டும் களமிறங்கினார்.

2021 ஜனவரியில் கிளை சிக்கலாகிறது. கராஸ்கோவைத் தனியாக அனுப்பவில்லை. ஃபிரான்சிஸ்கோ லிண்டோருடன் சேர்த்து நியூயார்க் மெட்ஸுக்குக் கொடுத்தார்கள். வந்தவர்கள் ஆந்த்ரெஸ் ஜிமெனெஸ், அமெட் ரொசாரியோ, மேலும் இரண்டு இளைஞர்கள். லிண்டோர் இந்த மரத்தைச் சேர்ந்தவர் அல்லர். அந்தப் பேரத்தின் பெரும்பங்கு மதிப்பும் அவருடையதே. ஆகவே ஜிமெனெஸ் வாங்கிய மூன்று கோல்டு கிளவையும் 2002இன் வரவாக எழுதுவது பேராசை. இப்படிப்பட்ட கூட்டுப் பரிமாற்றங்களில் நான் கடைப்பிடிக்கும் முறை: நம் கிளையின் ஆட்டக்காரர் இல்லாமல் அந்தப் பரிமாற்றம் நடந்திருக்குமா என்று கேட்டு, நடந்திருக்கும் என்று தோன்றினால் கோட்டைப் புள்ளிக்கோடாக வரைவேன். டொனால்டு 2012 டிசம்பரில் சூ ஷின்-சூவுடன் சின்சினாட்டிக்குப் போய், மும்முனைப் பரிமாற்றத்தில் டிரெவர் பாவர் வந்ததற்கும் புள்ளிக்கோடுதான். இங்கே எழுத்தாளரின் தீர்ப்பைத் தவிர வேறு அளவுகோல் இல்லை, அதை ஒளிக்காமல் ஓரத்தில் எழுதிவைப்பதே நேர்மை.

மரத்தை எப்போது மூடுவது என்று கேட்பார்கள். கடைசி இலை விழும்வரை திறந்தே வைக்கலாம், கோடுகள் புள்ளியாகத் தேய்ந்துபோனால் போதும் என்று நிறுத்தியும் விடலாம். என் நோட்டின் கடைசிப் பதிவு 2024 டிசம்பர் 10. அன்று கிளீவ்லாந்து கார்டியன்ஸ், அணியின் பெயர் 2022 பருவத்திலிருந்து அதுதான், ஜிமெனெஸையும் நிக் சாண்ட்லினையும் டொராண்டோவுக்கு அனுப்பி ஸ்பென்சர் ஹார்விட்ஸையும் நிக் மிட்செலையும் வாங்கியது. ஹார்விட்ஸை உடனே பிட்ஸ்பர்குக்கு மாற்றி மூன்று பிட்சர்களைப் பெற்றது. டொராண்டோ அணியின் தலைவராக அப்போது இருந்தவர் மார்க் ஷாபிரோ, 2002இல் இந்த மரத்தை நட்டவர். அடுத்த ஆண்டு அக்டோபரில் ஜிமெனெஸ் டொராண்டோவுடன் உலகத் தொடரில் ஆடினார். அந்த அடிகள் எதுவும் கிளீவ்லாந்துப் பேரேட்டில் ஏறாது. பிட்ஸ்பர்கிலிருந்து வந்த மூவரின் பெயருக்குப் பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டு, வயதையும் நிலையையும் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.